நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று

பிப்ரவரி 4

அக்கா பெற்ற அருமை மாப்பிள்ளைக்கு,

தாய்மாமன் எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. உன் தொண்டை எப்படி இருக்கிறது? பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டினால் கடைக்கு ஷட்டர் இறங்கின மாதிரி. வெந்நீர் குடி.

பார்சல் வந்தது. தபால்காரர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்ததைப் பார்த்து, சாப்பாட்டு மேசையின் மேல்பலகையைக் கழற்றி அனுப்பிவிட்டாய் என்றே நினைத்தேன். பிரித்தால் இசைத்தட்டு. என் ரேடியோ ரிப்பேர் கடையில் இருநூற்றுப் பன்னிரண்டு தட்டுகள் இருக்கின்றன. எல்லாம் விரித்த கைக்குள் அடங்குகிற சின்னத் தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு, பாடினோமா போனோமா என்றிருக்கும். இவ்வளவு பெரிய தட்டு இந்தத் தெருவுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. என் மெஷினின் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்த பிறகுதான் உட்கார்ந்தது.

மெஷினைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கினது இல்லை, நானே செய்தது. மோட்டார் ஒரு மேசை விசிறியுடையது, ஊசி பிடிக்கும் கை ஒரு பல் டாக்டர் தூக்கிப் போட்ட நாற்காலியுடையது. ஒரு கப்பல் கேப்டன் கடை வாசலில் நின்று, கேட்டதைத் தருகிறேன் என்று கெஞ்சினான். கொடுத்தேனா?

அட்டைப் படத்தைப் பார்த்தேன். நடுவில் மேடைத் திரையைக் கிழித்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறானே, ஆர்கன் வாசிக்கிறவன், அவன்தான் நீங்கள் 'பேராசிரியர்' என்று கூப்பிடும் குழுத் தலைவனா? எந்தக் காலேஜில் என்ன பாடம் எடுத்தான், போர்வை மடிப்பதா? நீ ஓரத்தில் பேஸ் கிட்டாரைக் கட்டிக்கொண்டு, போட்டோ எடுக்கிறவன் கடன்காரன் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறாய்.

போட்டேன். நூற்றைம்பது பேர் கடை வாசலில் கூடிவிட்டார்கள். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு என்கிறாய். யாராவது செய்வானா? சரி, செய்துவிட்டாய். ஆனால் அட்டையில் இருபத்திரண்டு நிமிஷம் என்று அச்சடித்திருக்கிறது. நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், பதினாறேகால் நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மீதி ஐந்தே முக்கால் நிமிஷம் எங்கே? அளவில் கை வைக்கிற பழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அக்காவை வரவழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் போட்டுக் கொடுத்தவள். மறுமுனையில் ஆள் வாயைத் திறக்கும் முன்னே, மூச்சு இழுக்கிற சத்தத்தை வைத்தே, "சொல்லுங்க வக்கீல் சார்" என்று சொன்னவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ பம்பு கம்பெனியில் வரைபட வேலையை உதறிவிட்டுக் கப்பல் ஏறினபோது அவள் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு தட்டில் உன் குரல் கேட்கட்டும், அன்றைக்குக் கடிதம் போடுகிறேன் என்றாள். அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை, போனுக்கும் வரவில்லை.

முழுசாகக் கேட்டாள். அப்புறம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "இது என் பையன் குரல் இல்ல. யாரோ சின்னப் பொண்ணு. ஜலதோஷம் வேற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை, உண்மையைச் சொல். பாடுகிறது யார்?

அன்புள்ள மாமா.


பிப்ரவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் சீக்கிரம் சமாதானத்துக்கு வரட்டும். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் எப்படி? மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடுவது நான்தான். ஆறு வருஷமாகக் கப்பல் சாமான் கிடங்கு, சலவைக் கடையின் பின்னறை, மூட்டைப்பூச்சி லாட்ஜ் என்று ஒத்திகை பார்த்து இந்தத் தட்டைப் போட்டிருக்கிறோம். இருபத்திரண்டு நிமிஷம் என்பது ஸ்டூடியோ கடிகாரத்தில் பார்த்து எழுதினது. பதினாறேகால் எப்படி வந்ததென்று எனக்குப் புரியவில்லை. நடுவில் ஊசி தாவியிருக்கும்.

எங்கள் இசைக்குப் புரோக்ரசிவ் ராக் என்று பெயர். மூன்று நிமிஷத்தில் சப்பித் துப்புகிற மிட்டாய் இல்லை இது. இந்தப் பாட்டு ஒரு கலங்கரை விளக்கம் எழுந்து கடலுக்குள் நடந்து போவதைப் பற்றியது. தாளம் ஏழு எண்ணிக்கையில் தொடங்கி பதினொன்றுக்குப் போய்த் திரும்பும். கேட்கிறவன் கொஞ்சம் உழைக்க வேண்டும். உங்களிடம் இருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டும் உழைக்கத் தெரியாதவர்களுக்காகச் செய்தது. நாங்கள் நாலு பேரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்: சின்னத் தட்டுக்குப் பாடுவதில்லை, எவன் பாடுகிறானோ அவன் அன்றைக்கே வெளியே. பேராசிரியர் எழுதினது. முதல் கையெழுத்து என்னுடையது.

அம்மா நிஜமாகவே அப்படிச் சொன்னார்களா, அல்லது நூற்றைம்பது பேர் கதையோடு சேர்ந்து வந்ததா? பாட்டின் நடுவில் ஒரு இடம் வரும். எல்லா வாத்தியமும் நின்று, மூன்று நிமிஷம் நான் மட்டும் தனியாகப் பாடுவேன். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கள். அங்கே தெரியாமல் போகாது.

அம்மா என்ன சொன்னார்கள் என்பதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மருமகன்.


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு மாமாவின் ஆசிகள். அக்காவுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. உன் தட்டைக் கேட்ட அன்றைக்கு எனக்குத்தான் ஏறிவிட்டது. நீ எப்படியிருக்கிறாய்?

கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொல்கிறாய். நான் எப்போது கூட்டினேன்? இந்தத் தடவை முந்நூறு பேர்.

ஊசி தாவியது என்று எழுதியிருக்கிறாய். என் கடையில் தூசிகூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் தாவும். எதிர்க் கடைக் கடிகாரக்காரனையும் அவன் கடிகாரத்தையும் கூட்டி வந்து மறுபடி பார்த்தேன். அதே பதினாறேகால். அவன் வாயைக் கோணிக்கொண்டு, "உங்க மாப்பிள்ளை அங்க பாடலையாம், பாடறவங்களுக்கு ஒயர் சுத்தறாராம்" என்றான். பதில் சொல்ல எனக்கு எத்தனை நேரம்? சொல்லவில்லை. சொல்லும்படியாக நீ எதுவும் அனுப்பவில்லை.

ஏழு எண்ணிக்கையாம். பக்கத்துக் கடைத் தையல்காரர் தாளம் போட்டுத் தலையாட்டப் பார்த்தார், கழுத்துப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் துணி வெட்டவில்லை. உன் பேராசிரியரின் ஆர்கன், அடுப்பில் வைத்த குக்கரை யாரோ துரத்துகிற மாதிரி ஓடுகிறது. கலங்கரை விளக்கம் எழுந்து நடந்துவிட்டால் கப்பலுக்கு வழி யார் காட்டுவது? இதைக்கூட யோசிக்காதவனுக்கு எதற்குப் போர்வை? என்னிடம் கெஞ்சிய அந்தக் கப்பற்படைத் தளபதியிடம் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அங்கேயே விழுந்து சிரித்திருப்பார்.

நீ சொன்ன இடத்தைப் போட்டேன். அக்கா இந்தத் தடவை உட்காரவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று, எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனைப் பிடிப்பாளே, அந்த மாதிரி ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், மறுபடி போடு என்றாள். போட்டேன். மூன்றாம் தடவையும் போட்டேன். கடைசியில் நான் கேட்டதற்கு, "எனக்கு எத்தனை தடவை போட்டாலும் அதே பொண்ணுதான் பாடுது" என்றாள். குரலில் கோபம் இல்லை. ராங் நம்பர் என்று சொல்கிற குரல்.

படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். முன்னெல்லாம் பிடிக்க மாட்டாள்.

மாமா.


ஏப்ரல் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிற மாதிரி சுற்றி வளைக்காமல் நேரே எழுதிவிடுகிறேன்.

கண்டுபிடித்துவிட்டேன். சின்னத் தட்டு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்றும். பெரிய தட்டு முப்பத்து மூன்றேகாலை ஒட்டித்தான் சுற்ற வேண்டும். உங்கள் மெஷின் எல்லாத் தட்டையும் நாற்பத்தைந்தில் சுற்றுகிறது. இருபத்திரண்டு நிமிஷப் பாட்டை நாற்பத்தைந்தில் ஓட்டினால் கணக்குக்குப் பதினாறேகால்தான் வரும். நானே போட்டுப் பார்த்தேன். வேகமாக ஓடினால் குரலும் மேலே ஏறிவிடும். அம்மா சொன்னது சரி. நீங்கள் அவருக்குப் போட்டுக் காட்டியது ஜலதோஷம் பிடித்த சின்னப் பெண்தான். எங்கள் டிரம்மர் அதைக் கேட்டுத் தரையில் உருண்டு சிரித்தார்.

மெஷினில் வேகத்தை மாற்றும் லீவர் இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் விரலைத் தட்டின் ஓரத்தில் மெல்ல வைத்தாலும் வேகம் குறையும். குரல் கொஞ்சம் ஆடினாலும் நான்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஒரே ஒரு தடவை, மாமா.

கடிகாரக்காரனுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

உங்கள் மருமகன்.


மே 2

மாப்பிள்ளைக்கு,

சௌக்கியம். நீயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன்.

என் மெஷினில் லீவர் கிடையாது. இருந்ததைப் பிடுங்கி எறிந்தேன். ஆயிரம் புத்தி இருக்கிற மெஷினும் ஆளும் எனக்கு ஆகாது. உன் திருப்திக்காக, தட்டு மேடையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து, கடிகாரக்காரனைப் பக்கத்தில் நிறுத்தி, சுற்றை எண்ணினேன். நாற்பத்தைந்து. நாற்பத்து நாலரை இல்லை, நாற்பத்தைந்தரை இல்லை. என் கையால் செய்த மெஷின் அவ்வளவு துல்லியம். அதை நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய், அதற்கு நன்றி.

ஆனால் பெரிய தட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும் என்கிறாயே, இதை உனக்குச் சொன்னது யார், போர்வையா? பெரிய தட்டின் ஓரத்துக்குச் சுற்றி வரத் தூரம் அதிகம். அதிக தூரம் போக வேண்டியவன் வேகமாகப் போவானா, மெதுவாகப் போவானா? பஸ்ஸை விட்டவனைக் கேட்டுப் பார். நியாயமாக உன் தட்டு அறுபது சுற்றுச் சுற்ற வேண்டும். ஏதோ மாமன் மெஷினாக இருப்பதால் பொறுத்துக்கொண்டு நாற்பத்தைந்தில் ஓட்டுகிறது. நான் ஐந்தாம் கிளாஸோடு நின்றவன்தான். நின்ற இடத்தில் நன்றாகப் படித்துவிட்டு நின்றேன்.

விரலை வைக்கச் சொல்கிறாய். அந்த மெஷின் மேல் விரல் வைக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை.

ஊரிலேயே இருநூற்றுப் பன்னிரண்டு தட்டு ஒழுங்காகப் பாடுகிறது. உன்னுடையது ஒன்று பாடவில்லை. தப்பு யாரிடம் என்று ஒயர் சுற்றுகிற ஆள்கூடச் சொல்லிவிடுவான்.

மாமா.


மே 24

மாமாவுக்கு வணக்கம். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ரேடியோவின் முதுகைத் திறந்து, தூசியை ஊதிவிட்டு, பெரிய ஆபரேஷன் செய்த மாதிரி துண்டில் கையைத் துடைத்துக்கொள்கிறவர். சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஊதினால் பாடாத ரேடியோவை, இதற்கு ஆயுசு முடிந்தது என்பீர்கள். நான் ஆறு வருஷம் உழைத்ததை ஒரு மேசை விசிறி மோட்டாரில் மாட்டி, என்னைப் பொட்டைப் பிள்ளை ஆக்கி, தெருவையே கூட்டிக் காட்டியிருக்கிறீர்கள். தெரு என்றால் எத்தனை பேர்? ஏழு பேர் இருப்பார்களா? அதில் ஒன்று நாய்.

மெஷின் தப்பு என்று நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம். நான் எழுதினதை அம்மாவிடம் சொல்லுங்கள், போதும். சொன்னீர்களா?

மருமகன்.


ஆகஸ்ட் 9

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டரை மாசமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? உங்களுக்கும்? முழங்காலைப் பற்றியாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

போன கடிதத்தில் அப்படி எழுதியிருக்கக்கூடாது. அன்றைக்கு ஒத்திகையில் பேராசிரியரோடு சண்டை. நான் தனியாகப் பாடுகிற அந்த மூன்று நிமிஷம் மட்டும் நாலு எண்ணிக்கையில் போகிறது, அது சோம்பேறித்தனம், மேடையில் அதை வெட்டிவிடலாம் என்றார். தட்டிலேயே, பாடுவதற்கு முன்னால் நான் இழுக்கிற மூச்சைக் கத்தரித்துவிட்டார். மூச்சு என்பது ஒலிப்பதிவில் அழுக்காம். அந்தக் கோபத்தை உங்கள் மேல் காட்டிவிட்டேன்.

அடுத்த மாதம் பெரிய சுற்றுப்பயணம். பதினெட்டு அரங்கம். மேடையில் புகை வரும், பேராசிரியர் கலங்கரை விளக்க உருவத்துக்குள்ளிருந்து வெளியே வருவார். நேற்றைய ஒத்திகையில் கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்து அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருந்தார். டிரம்மர் அதற்கும் தாளம் போட்டார்.

அம்மா என்ன சொல்கிறார்கள்?

உங்கள் மருமகன்.


செப்டம்பர் 1

மாப்பிள்ளைக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் அம்மாவும் இருக்கிறாள். நீ நலமென்று கையெழுத்தே சொல்கிறது.

எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. வேலை. அரசாங்க ரேடியோ நிலையத்திலேயே ஒரு பழுது. ஐந்து இன்ஜினியர்கள் கைவிட்டதை நான் போய் ஒரே நிமிஷத்தில் சரி செய்தேன். எப்படி? ஊதித்தான்.

நாய் வந்தது உண்மை. ஆனால் அது நடுவிலேயே எழுந்து போய்விட்டது, அதைக் கணக்கில் சேர்க்காதே.

அக்கா கடைப் பக்கம் வருவதில்லை. வரும்போது எப்போதும் இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவாள். இப்போது எதிர்ப் பக்கத்து நடைபாதையிலேயே போய்விடுகிறாள். போன வாரம் தையல்காரர் மனைவி, பையன் பாடுகிறானாமே என்று விசாரித்திருக்கிறாள். அதற்கு அக்கா, "பாட்டெல்லாம் இல்லங்க. வெளியூர்ல படம் வரையற வேலை" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்று கேட்டேன். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன், என்ன சொல்லித் திருத்துவது?

நீ எழுதினதை அவளிடம் சொன்னேனா என்று கேட்டிருந்தாய். கடையில் ஆட்கள் இருக்கிறார்கள். இத்துடன் நிறுத்துகிறேன்.

மாமா.


நவம்பர் 3
(முகவரி மாறியிருக்கிறது. உறையின் பின்னால் பார்க்கவும்.)

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் முழங்காலுக்கும் இது காலமில்லை. கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள். அம்மா மாத்திரை சாப்பிடுகிறார்களா?

உங்கள் மெஷினைப் பற்றி இனி நான் பேசுவதாக இல்லை. இத்துடன் ஒரு சின்னத் தட்டு வருகிறது. உங்களிடம் இருக்கிற மற்றவற்றின் அளவுதான். மூடியைக் கழற்ற வேண்டியிருக்காது. கலங்கரை விளக்கப் பாட்டில் நான் தனியாகப் பாடுகிற அந்த மூன்று நிமிஷம் மட்டும் இதில் இருக்கிறது. ஒரு பக்கம்தான், மறுபக்கம் வெறுமை.

இசைத்தட்டுக் கம்பெனியின் அடித்தளத்தில், ஒலிநாடாவிலிருந்து தட்டுக்குப் பாட்டை வெட்டிக் கொடுக்கிற அம்மாள் ஒருவர் இருக்கிறார். சாப்பாட்டு வேளையில் போய்க் கேட்டேன். உங்கள் குழு சின்னத் தட்டைத் தொடுவதில்லையே என்றார். ஒன்றே ஒன்று, வீட்டுக்கு என்றேன். மூல நாடாவை ஓட்டினோம். பேராசிரியர் கத்தரிப்பதற்கு முந்தின நாடா. தொடக்கத்தில் மூச்சுச் சத்தம் வந்ததும் அந்த அம்மாள் நிறுத்திவிட்டு, "இதை எடுத்துடட்டுமா தம்பி?" என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அவருடைய பதிவேட்டில் எல்லா வேலையையும் எழுதி வைப்பது வழக்கம். குழுவின் பெயர், தட்டின் அளவு, தேதி. எழுதினார். எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதிவேட்டைப் பேராசிரியர் வாரம் ஒரு முறை பார்ப்பார்.

சுற்றுப்பயணம் நடக்கிறது. நல்ல கூட்டம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

அம்மாவைக் கூப்பிட்டு ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

உங்கள் மருமகன்.


நவம்பர் 27

என் பெருமைக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமன் மார்பை நிமிர்த்திக்கொண்டு எழுதுவது. இங்கே எல்லோரும் அமோகம். முழங்கால்கூட இன்றைக்கு இரண்டு வார்த்தை பேசியது. உன் தொண்டைக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள். இனிமேல் அது தெருவின் சொத்து.

கடைசியில் ஒழுங்காகத் தட்டுப் போடக் கற்றுக்கொண்டாய். இதைத்தானே பிப்ரவரியிலிருந்து தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன்? மெஷினில் வைத்தேன். ஊசியை இறக்கினேன். கணீரென்று, தடியாக, ஆம்பளைக் குரல். உன் தாத்தா பக்கத்துக் குரல். நான் அனுப்பிய குறிப்புகளைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் தங்கள் மெஷினை எல்லாம் திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அவர்கள் நன்றிக் கடிதம் போட வேண்டியதில்லை, பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். போர்வைக்காரனிடம் மட்டும் சொல்: ஐந்தாம் கிளாஸ் படித்தவன் சொல்லித்தான் உங்கள் தட்டு பாடுகிறது. மேலும் மூன்று நிமிஷம் என்று எழுதினாய், மூன்று நிமிஷம்தான் வந்தது. அளவு சுத்தம்.

கூட்டத்தைப் பற்றி எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆகையால் அறுநூறு என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன். தையல்காரர் தலையாட்டினார், கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கடிகாரக்காரனை நானே கையைப் பிடித்து இழுத்து வந்து கேட்க வைத்தேன். "பரவாயில்ல" என்றான். அவன் வாயிலிருந்து அது வந்தால் மற்றவன் பொன்னாடை போர்த்தின மாதிரி.

அக்காவை வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினேன். மூன்றாம் தடவைதான் வந்தாள். வாசலிலேயே நின்றாள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால், அந்த ஒரு கணம் சும்மா இருக்குமே, அங்கேயே கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னாள். இன்னும் பாடவே இல்லையே அக்கா என்றேன். போதும் என்றாள். பிறகு கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் குடிக்கத் தண்ணீர்தான் கேட்டாள். வயதாகிவிட்டது, அவளுக்கு இசையில் நுணுக்கம் பிடிபடவில்லை. நீ வருத்தப்படாதே, நான் இருக்கிறேன்.

படியிறங்கித் தபால் பெட்டிவரை போக முடியாததால் இதை அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். கப்பற்படைத் தளபதி மறுபடி வந்தால் உன் தட்டைப் போட்டுக் காட்டுவேன். மெஷினைத் தர மாட்டேன்.

உன்னை உருவாக்கிய மாமா.


(அதே கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில்)

கண்ணா,

தம்பி எழுதினதில் முக்கால்வாசியைத் தள்ளிவிடு. கடையில் நானும் தையல்காரரும் கடிகாரக்காரரும்தான் இருந்தோம்.

வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நீதான் என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதில் பொய் சொல்வதற்கு முன்னால் அப்படித்தான் மூச்சு இழுப்பாய். பாட்டுக்கும் அதே மூச்சுதானா.

தம்பி எழுந்து உள்ளே போனபோது மேசை டிராயரைத் திறந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். சுற்றுக் கணக்கை அவன் என்னிடம் சொல்லவே இல்லை. இப்போதும் நீ அவனுக்கு எழுத வேண்டாம். சின்னத் தட்டு வந்த நாளிலிருந்து தலை நிமிர்ந்து நடக்கிறான்.

சின்னத் தட்டுக்குப் பாடினால் வெளியே என்று சுவரில் ஒட்டின காகிதத்தைப் பற்றியும் படித்தேன். முதல் கையெழுத்து உன்னுடையது என்று எழுதியிருந்தாய். கடைசிக் கடிதத்தை நீ கட்டம் போட்ட வரைபடத் தாளில் எழுதியிருக்கிறாய். முகவரியும் புதிது, ஒரு பம்பு கம்பெனித் தெரு. குழு பதினெட்டு ஊருக்குப் போயிருக்கிறது என்று நீ பத்திரிகையில்தான் படித்திருக்கிறாய். இதற்கு மேல் எனக்கு விளக்கம் எழுத வேண்டாம்.

மூச்சை அழுக்கு என்று சொன்ன ஆள் கூப்பிட்டாலும் போகாதே. கூட வாசிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்.

எக்ஸ்சேஞ்சில் என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். நீ இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போன் இருந்தால் நம்பர் எழுது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானே லைன் கேட்டு வாங்குகிறேன். எடுத்ததும் பேசிவிடாதே. கொஞ்சம் இரு. யார் என்று நான் சொல்கிறேன்.

அம்மா.